ராமேஸ்வரத்துக்கு இன்னொரு நாள்

தை நோம்பி கழிந்த வாரங்களில் இரவு பத்து மணிக்கு மேல் பல்லடம், தாராபுரம் சாலையில் நின்றால் தெற்கே விரையும் டூரிஸ்ட் வேன்களைப் பார்க்கலாம். கண்ணாடியில் மாலை, கூரைமேல் தார்ப்பாய் போர்த்திய சமையல் பாத்திரங்கள், உள்ளே பாதித் தூக்கத்தில் மூன்று தலைமுறை. ஒரு வண்டியில் பங்காளிக் குடும்பங்கள் சேர்ந்து போகும். இன்னொன்றில் மாதாமாதம் பணம் கட்டிச் சேர்த்த மகளிர் குழு. வேறொன்றில் ஒரே மில்லில் வேலை பார்க்கிறவர்கள். பழனி, மதுரை, திருச்செந்தூர் என்று வழிகள் பிரிந்தாலும், ஒரு முறையாவது ராமேஸ்வரம் போகாத கொங்குக் குடும்பம் அபூர்வம்.

அந்தப் பயணத்தின் அட்டவணை ஊருக்கு ஊர் மாறுவதில்லை. விடியும் முன் பாம்பன் பாலம், அக்னி தீர்த்தத்தில் கடல் நீராடல், கோயிலுக்குள் 22 தீர்த்தம், தரிசனம், சாப்பாடு, வெயிலோடு வெயிலாகத் தனுஷ்கோடிக்கு ஒரு ஓட்டம், நாலு போட்டோ. அதோடு சரி. "ஏனுங்க, தீர்த்தமாடியாச்சு, சாமியும் கும்பிட்டாச்சு, இருட்டறதுக்குள்ள பாலத்தத் தாண்டிறலாமுங்களா?" என்று டிரைவரிடம் கேட்பதற்கு ஒரு பெரியவர் எல்லா வண்டியிலும் இருப்பார். கோவையிலிருந்து ராமேஸ்வரம் ஏறக்குறைய 390 கிலோமீட்டர். போக எட்டு மணி நேரம், வர எட்டு மணி நேரம் வண்டியில் கழித்துவிட்டு, தீவில் அதில் பாதி நேரம்தான் கண் திறந்து பார்க்கிறார்கள்.

இது மாற வேண்டும். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் சற்றே கூடுதல் செலவில் முற்றிலும் வேறொரு பயணம் கிடைக்கும். காரணம் அந்த நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ராமநாதபுரத்தைத் தாண்டியதும் நிலம் கிழக்கு நோக்கிக் குறுகத் தொடங்குகிறது. உச்சிப்புளி, மண்டபம் என்று போகப் போக இரு பக்கமும் கடல் நெருங்கி வருகிறது. மண்டபம் ஒரு தீபகற்பத்தின் மூக்கு நுனி. அங்கே நிலம் முடிந்து, பாம்பன் கால்வாய்க்கு அப்பால் ராமேஸ்வரம் தீவு தொடங்குகிறது. தீவும் தென்கிழக்கே வால்போல நீண்டு, முகுந்தராயர் சத்திரம், தனுஷ்கோடி கடந்து அரிச்சல்முனையில் மணலாக முடிகிறது. அதற்கப்பால் இலங்கையின் தலைமன்னார் வரை சுமார் 30 கிலோமீட்டர்தான், இடையில் மணல்திட்டுகள். இந்த நீண்ட நிலக்கோட்டுக்கு வடக்கே பாக் நீரிணையின் கடல். தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் அந்தப் பக்கத்து மீனவர்கள் சொல்வார்கள். ஒன்று ஆழம் குறைந்து ஏரிபோலக் கிடக்கும், மற்றது அலை கொழிக்கும்.

இதே மாதிரி நிலத்தை வைத்துக் கிரேக்க நாடு பெரிய சுற்றுலாத் தொழிலே நடத்துகிறது. வட கிரேக்கத்தில் தெசலோனிகி நகருக்குத் தென்கிழக்கே ஹல்கிடிகி என்ற தீபகற்பம் மூன்று விரல்களாகக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. கசாண்ட்ரா என்ற முதல் விரலில் விடுதிகளும் கூட்டமும். சேர்பியா, பல்கேரியா, ருமேனியா நாடுகளிலிருந்து குடும்பம் குடும்பமாகக் காரிலும் பஸ்ஸிலும் வந்து ஒரு வாரம், பத்து நாள் தங்குகிறார்கள். சித்தோனியா என்ற நடுவிரல் பைன் மரக்காடும் கூடாரமுமாக அமைதியாக இருக்கும். மூன்றாவது விரல் ஆதோஸ், 20 மடங்கள் கொண்ட துறவிகளின் மலை. அங்கே போக முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வேண்டும், ஒரு நாளில் நுழையும் யாத்ரீகர்களுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பெண்களுக்கு அனுமதியே இல்லை. அவர்கள் படகில் தள்ளி நின்று மடங்களைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான்.

கடலாட வந்தவருக்கு ஒரு விரல், சாமி கும்பிட வந்தவருக்கு இன்னொரு விரல் என்று அங்கே பிரிந்து கிடக்கிறது. நம்மிடம் இரண்டும் ஒரே கோட்டில் இருக்கின்றன. அதிலும் கொங்குப் பகுதியில் இந்தப் பயணத்தைத் திட்டமிடுவதும் பணம் சேர்ப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். அவர்களுக்கு எந்த வாசலும் மூடியில்லாத தீவு இது. ஆனால் கோயில் முடிந்ததும் பயணம் முடிந்ததாகவே நினைத்துக்கொள்கிறோம்.

வெறும் கடற்கரை வேண்டுமென்றால் கோவைக்காரர்களுக்குச் சாவக்காடும் கொச்சியும் பக்கம், காலையில் கிளம்பி இரவே திரும்பிவிடலாம். ராமேஸ்வரம் தருவது வேறு. அதை அனுபவிக்க ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: காற்று.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, பல்லடம் காற்றாலைகளை இரவு பகலாகச் சுற்ற வைக்கும் அதே தென்மேற்குக் காற்றுதான், மன்னார் வளைகுடாவைக் கொந்தளிக்க வைக்கிறது. தீவுக்காரர்களுக்கு அது கச்சான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் பொங்கும், நிலக்கோடு மறைத்து நிற்பதால் வடகடல் அசையாமல் கிடக்கும். அக்டோபர் பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது வாடை, வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழ். வடகடல் கலங்கிப் புரளும், தென்கடல் ஓரளவு அடங்கும். தனுஷ்கோடிச் சாலையில் நின்று இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தால் எந்தப் பருவம் நடக்கிறது என்று காலண்டர் இல்லாமலே சொல்லிவிடலாம்.

கொங்குநாட்டு விடுமுறைகள் இந்தக் காற்றோடு ஒத்துப்போவதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகள் ஒட்டுமொத்தமாக அடைப்பது தீபாவளிக்கு. அது வாடையும் புயல் சின்னமும் வரும் பருவம். பள்ளி விடுமுறையான மே மாதத்தில் மணல் கொதிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், சாமி கும்பிட்ட மறுநாள் நல்ல மீன்குழம்பு சாப்பிட நினைத்தவர்கள் நாட்டுப்படகு மீனை நம்ப வேண்டும். ஆடி அமாவாசை, மஹாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றும் திதி கொடுக்க வருகிறவர்களின் நாட்கள். அன்றைக்கு அக்னி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் இருக்காது. முன்னோர் கடனுக்காகப் போகிறவர்கள் அந்த நாளில்தான் போக வேண்டும், அதில் மாற்றமில்லை. குடும்பத்தோடு ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு, தை அமாவாசைக் கூட்டம் வடிந்த பிறகு மார்ச் முடிய உள்ள நாட்களே பொருத்தம். மழை ஓய்ந்திருக்கும், கச்சான் இன்னும் எழும்பியிருக்காது, இரு கடலும் ஓரளவு சாந்தமாக இருக்கும்.

முதல் நாளைக் கோயிலுக்கே முழுதாக விட்டுவிடலாம். 22 தீர்த்தங்களில் பெரும்பாலானவை பிராகாரங்களில் சிதறிக் கிடக்கும் கிணறுகள். கிணற்றுக் கைப்பிடிச் சுவர்மேல் நிற்கும் ஆட்கள் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். கூட்டமில்லாத நாளிலும் குழுவாகச் சுற்றி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். கல்தரை முழுக்க ஈரம் வழுக்கும் என்பதால் அம்மிச்சி, அப்புச்சிகளைக் கைபிடித்து அழைத்துப் போக இளவட்டங்கள் இருவரையாவது முன்பே சொல்லி வைப்பது நல்லது. ஈரத் துணியோடு மூலவரைத் தரிசிக்க விடுவதில்லை, மாற்றுத் துணி கையில் இருக்க வேண்டும். கைபேசி, கேமரா உள்ளே அனுமதியில்லை. நாற்பது பேர் வந்த கூட்டத்தில் ஒருவரை ஒருவர் தொலைப்பது இங்கேதான், எனவே எந்தக் கோபுர வாசலில் சேர்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பிராகாரத்தை நடந்து பார்க்காமல் வரக்கூடாது. 1,212 தூண்கள் என்பது புகழ்பெற்ற கணக்கு. அந்தப் பிராகாரத்தை 18ஆம் நூற்றாண்டில் கட்டி முடித்தவர்கள் ராமநாதபுரத்துச் சேதுபதிகள். தீர்த்த அவசரத்தில் ஈரக் காலோடு ஓடும்போது அது வெறும் நடைபாதையாகத்தான் தெரியும். மாலையில் உலர்ந்த வேட்டியோடு திரும்பப் போனால்தான் அதன் நீளம் தெரியும். ஓர் இரவு தங்குவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் தனுஷ்கோடி. 2017-க்கு முன்பு மூன்றாம் சத்திரத்திலிருந்து மணலில் குலுங்கும் வேன்களில்தான் அங்கே போக முடியும். அந்த ஆண்டு ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர்த் தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு எந்த வண்டியும் கடைசி நுனி வரை போகிறது. இருட்டிய பின் உள்ளே விடுவதில்லை. அரிச்சல்முனையில் இரு கடலின் நீரோட்டமும் மோதுவதால் அங்கே இறங்கிக் குளிப்பது உயிராபத்து. பவானி ஆற்றிலும் அமராவதியிலும் நீந்திப் பழகிய பையன்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும், ஆற்று நீச்சல் இங்கே உதவாது.

வழியில் நிற்கும் இடிபாடுகளிடம் ஒரு மணி நேரமாவது செலவிட வேண்டும். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது தனுஷ்கோடி இந்தியாவின் வாசல்களில் ஒன்றானது. சென்னையிலிருந்து போட் மெயில் ரயிலில் ஏறியவர்கள் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளி, தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு புயல் கரையேறியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயிலை, ஊரை எட்டும் முன்பே கடல் அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மீளவில்லை. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் மீண்டும் எழுந்தது. தனுஷ்கோடி எழவில்லை. குடியிருக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. அவர்களிடம் கருவாடோ சங்குமாலையோ வாங்கும்போது நின்று நாலு வார்த்தை பேசுவது மரியாதை.

அந்தக் குடிசைகளுக்குப் பக்கத்தில் கொங்கு விவசாயிகள் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் காணாதவர்கள் அவிநாசியிலும் காங்கயத்திலும் எத்தனையோ பேர். இங்கே இரு கடலுக்கு நடுவே, கையால் தோண்டிய சில அடி மணற்குழியில் குடிக்கத்தக்க நீர் ஊறுகிறது. மழைநீர் மணலில் இறங்கி, உப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினாலோ அதிகமாக இறைத்தாலோ அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். மேலாக, கொஞ்சமாக எடுத்தால் மட்டும் நிலைக்கும் நீர் அது.

யாத்ரீகர்களை அழைத்துப் போவது இந்தத் தீவின் பழைய தொழில். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு கட்டியவர் ஜைனுலாப்தீன். ஒரு புயலில் அந்தப் படகு போனது. அவருடைய மகன் 1931 அக்டோபர் 15 அன்று பிறந்த அப்துல் கலாம். பள்ளிவாசல் தெருவில் உள்ள அவர் வீடும், பேக்கரும்பில் 2017 ஜூலை 27 அன்று திறந்த நினைவிடமும் இப்போது எல்லா டூரிலும் இடம்பெற்றுவிட்டன. குழந்தைகள் அங்கே ராக்கெட் மாதிரிகளைப் பார்ப்பதோடு, அந்தப் படகின் கதையையும் பெரியவர்கள் வாயால் கேட்கட்டும்.

நீலகிரியிலிருந்தும் கோவையிலிருந்தும் போகிறவர்களுக்கு மண்டபம் கேம்ப் வெறும் ரயில் நிலையப் பெயராகத் தெரியக்கூடாது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த முகாம் அது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியாவும் இலங்கையும் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இதே கரைக்கு வந்து இறங்கினார்கள். அவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் குடியேறினார்கள். அவர்களின் மறுவாழ்வுக்காக 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத் திட்டமே பின்னர் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. இன்று அங்கிருந்து வேன் பிடித்து ராமேஸ்வரம் போகும் குடும்பங்களில் சில, தங்கள் தாத்தா பாட்டி மூட்டை முடிச்சோடு இறங்கிய இடத்துக்கே போகின்றன.

மத்தியானத்துக்கு மேல் கடல். பாம்பனுக்குத் தெற்கே குந்துகால், 1897 ஜனவரி 26 அன்று மேல்நாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கிய இடம், நினைவு மண்டபம் இருக்கிறது. எதிரே தெரிவது குருசடைத் தீவு. 1986இல் அமைந்த மன்னார் வளைகுடாக் கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று. பவளப்பாறைகளுக்குப் பேர்போன கடல். கடல் அமைதியாக உள்ள நாட்களில் வனத்துறை ஏற்பாட்டில் படகில் போகலாம். குழந்தைகளோடு அச்சமின்றிக் கடலில் கால் நனைக்க வடகரை நல்லது. உச்சிப்புளிக்கு அருகே அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பும் அலையற்ற நீரும் உண்டு. திரும்பும் வழியில் தொண்டிப் பக்கம் சற்றுச் சுற்றிப்போக மனமிருந்தால் காரங்காடு இருக்கிறது. வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், ஊர்ப் பெண்களே சமைத்துப் போடுகிறார்கள். கூட்டமாகப் போகிறவர்கள் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். கோவிலும் கடலும் போதும் என்கிறவர்கள் ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் ஒரு மணி நேரம் போகலாம். சுவர் முழுக்கச் சேதுபதிகளின் போரும் தர்பாரும் ஐரோப்பியர் சந்திப்பும் ஓவியங்களாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் இவ்வளவு நல்ல சுவரோவியங்களைக் கோயிலுக்கு வெளியே காண்பது அரிது. ஆனாலும் பெரும்பாலான வேன்கள் அங்கே நிற்பதில்லை.

கூட்டமாகப் போவதன் பாரம் இந்த ஒடுங்கிய நிலத்தில் சட்டென்று தெரிந்துவிடும். தனுஷ்கோடிச் சாலையோரத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்து, தட்டையும் பிளாஸ்டிக் டம்ளரையும் அப்படியே விட்டுப் போனால், காற்று அதைக் கொண்டு சேர்ப்பது ஏதாவது ஒரு கடலில்தான். ஜனவரி முதல் இதே மணலில் ஆமைகள் முட்டையிட வருகின்றன, வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறது. பனிக்காலத்தில் ஆழமற்ற நீரில் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. அவற்றுக்காகவே 2025 ஜூனில் சுமார் 525 ஹெக்டேரைத் தனுஷ்கோடி பூநாரைச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. வண்டியை ஓரங்கட்டி ஹாரன் அடிக்காமல் பார்த்தால் அரை மணி நேரம் போவதே தெரியாது. கடைகளில் யாராவது பவளப்பாறைத் துண்டை நீட்டினால் வாங்கக்கூடாது, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம். சமையல்காரரோடு போகும் குழுக்கள் வாழையிலைக்கும் எவர்சில்வர் டம்ளருக்கும் வண்டியில் இடம் ஒதுக்குவது ஒன்றும் கடினமில்லை. கல்யாண வீட்டில் செய்வதுதானே.

கடைசியாக, போகும் வழி. பழைய ரயில் பாலம் பழுதானதால் 2022 டிசம்பரில் தீவுக்கு ரயில் நின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயணிகள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் பிடித்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது. 2.08 கிலோமீட்டர் நீளம், நடுவில் 72.5 மீட்டர்ப் பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்ந்து கப்பலுக்கு வழிவிடுகிறது. பக்கத்தில் 1988 முதல் இருக்கும் சாலைப் பாலத்திலிருந்து இதைப் பார்க்க வண்டிகளை நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். போலீசார் விரட்டுவது சரிதான், பின்னால் வரும் ஆம்புலன்சுக்கும் அதே வழி.

வயதானவர்களோடு இரவு முழுக்க வேனில் உட்கார்ந்து போவதைவிட ரயிலில் படுத்துக்கொண்டு போவது எத்தனையோ மேல். ஆனால் கோவை - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் வாரத்தில் ஒரு முறைதான். மீட்டர்கேஜ் காலத்தில் கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல், மதுரை வழியாக ராமேஸ்வரத்துக்குத் தினமும் நேரடி ரயில் ஓடியது. பழனியில் இறங்கி முருகனைக் கும்பிட்டு, மதுரையில் மீனாட்சியைக் கும்பிட்டு, ராமேஸ்வரத்தில் தீர்த்தமாட அந்த ஒரு பாதையே போதுமானதாக இருந்தது. அகலப்பாதைப் பணிகள் கட்டம் கட்டமாக நடந்து 2017இல் போத்தனூர் - பொள்ளாச்சி வரை முடிந்தன. அந்தத் தினசரி வண்டி மட்டும் திரும்பவில்லை. பொள்ளாச்சி, உடுமலை, பழனிப் பயணிகள் ஆண்டுதோறும் அதைக் கேட்டு மனு கொடுக்கிறார்கள். தண்டவாளம் தயாராக இருக்கிறது, பாலமும் புதிது. அந்த ரயில் வரும்வரை வேன்தான் வழி. வேன் பேசும்போது ஒரு நாள் வாடகையைச் சேர்த்துப் பேசுங்கள்.